சம ஊதியத்துக்கு எந்தச் சட்டத்தைக் கேட்பது? ஐந்து வழிகளின் ஒப்பீடு

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வேண்டும் என்பதை மேடையில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கோரிக்கை மனு எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அபராதத்தைக் கூட்டச் சொல்வதா? சம்பள விவரத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்பதா? ஐஸ்லாந்து மாதிரி சான்றிதழ் கேட்பதா? குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினாலே போதுமா? தொழிற்சங்கத்தில் இருக்கும் பெண்களும் ஐடி நிறுவனங்களில் இருப்பவர்களும் இதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். பத்துக் கோரிக்கைகளை ஒரே மனுவில் அடுக்கினால் அரசு அதில் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் எது முதலில் என்று முடிவு செய்தாக வேண்டும்.

இந்தியாவில் இதற்கு இப்போது ஒரு அவசரமும் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இனி தனிச் சட்டமாக இல்லை. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பழைய சட்டம் அதற்குள் போய்விட்டது. 'ஒரே வேலை அல்லது அதை ஒத்த வேலை' என்ற பழைய வரையறை மட்டும் ஏறக்குறைய அப்படியே தொடர்கிறது. அது போதுமா என்பதுதான் இந்த ஒப்பீட்டின் அடிக்கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அந்தச் சட்டம் எந்த இடைவெளியைத் தொடுகிறது என்பது. இடைவெளி இரண்டு வகை. ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்பது ஒன்று. பெண்கள் அதிகம் இருக்கும் வேலை என்பதாலேயே அந்த வேலைக்கே விலை குறைவாக வைத்திருப்பது இன்னொன்று.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் தளத்தை நினைத்துப் பாருங்கள். கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர் பெரும்பாலும் ஆண்கள். செக்கிங், டிரிம்மிங், பேக்கிங் பெரும்பாலும் பெண்கள். செக்கிங் பெண் டியூப்லைட் வெளிச்சத்தில் நின்றபடி ஒவ்வொரு துணியையும் இரண்டு பக்கமும் புரட்டி ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்ட தையல் பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு பிசகு வெளிநாட்டில் பெட்டியைத் திறக்கும்போது தெரிந்தால் ஆர்டரே திரும்பி வரலாம். ஆனாலும் அவருடைய ஷிப்ட் கூலி, மாஸ்டர் என்று பெயர் வைத்த வேலைகளுக்குக் கீழேதான். 'ஒரே வேலை' என்று பேசும் சட்டத்தால் இந்த இருவரையும் ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் இருவரும் செய்வது ஒரே வேலை இல்லை.

இரண்டாவது அளவுகோல், சுமை யார் தலையில் விழுகிறது: நிரூபிக்க வேண்டியது தொழிலாளியா, முதலாளியா? மூன்றாவது, யாரை எட்டும், யாரை விட்டுவிடும்? நான்காவது, வெளியே தெரியாத செலவை யார் கட்டுகிறார்கள்? ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: அரசு மாறினாலும் அது நிற்குமா?

## 1. புகார் வழி: இருக்கும் சட்டத்துக்குப் பல் வைப்பது

பெரும்பாலான நாடுகள் தொடங்கிய இடம் இது. பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க வேண்டும், அதிகாரியோ நீதிமன்றமோ விசாரித்து நிலுவையை வாங்கித் தரும்.

இது பலன் தந்த வழக்குகள் உண்டு. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் 'லேடி ஸ்டெனோகிராபர்' என்று தனிப் பதவி வைத்து, ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆட்ரி டி'கோஸ்டா வழக்குப் போட்டார். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு நிர்ணயித்த சம்பளம் இது, கம்பெனி நிதி நிலையும் சரியில்லை என்று நிர்வாகம் வாதாடியது. இரண்டையும் தள்ளி 1987-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டது 1977-இல். நடுவில் பத்து ஆண்டுகள். அந்தப் பாகுபாடான சம்பளத்தில் சங்கத்தின் கையெழுத்தும் இருந்தது என்பதைச் சங்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாது.

இந்த வழியின் பெரிய ஓட்டை, பக்கத்தில் இருப்பவர் சம்பளம் தெரியாமல் புகாரே கொடுக்க முடியாது என்பது. அமெரிக்காவில் 1963-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த லில்லி லெட்பெட்டருக்கு, பெயர் போடாமல் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு சீட்டைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். சம்பளத்தை நிர்ணயித்த 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி, 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2009-இல் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டம் லெட்பெட்டர் பெயரில் வந்தது. இனி ஒவ்வொரு குறைந்த சம்பளமும் புதிய மீறலாகக் கணக்கில் வரும். அவர் கைக்கு மட்டும் அந்த இழப்பீடு வரவே இல்லை.

மறைமுகச் செலவு முழுவதும் புகார் கொடுப்பவருக்குத்தான். வக்கீல் பீஸ், விடுப்பு, 'பிரச்சினை பண்ணுகிறவர்' என்ற பெயர். அபராதத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் இதில் எதுவும் குறையாது.

பொருந்தும் இடம்: பதவியும் வேலையும் ஒன்று, ஆணின் சம்பளம் கையில் ஆதாரமாக இருக்கிறது, பின்னால் சங்கமும் இருக்கிறது என்றால்.

## 2. வெளிச்ச வழி: சம்பளத்தை மறைக்க விடாமல் செய்வது

இதற்குள் மூன்று தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஒன்று, நிறுவனம் தன் ஆண்-பெண் சம்பள இடைவெளியை அறிக்கையாக வெளியிடுவது. பிரிட்டனில் 250 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு 2017 முதல் இது கட்டாயம். சராசரி, நடுச் சம்பளம் (எல்லோர் சம்பளத்தையும் ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் நிற்பது), போனஸ், மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் எத்தனை பெண்கள் என்பதெல்லாம் அரசு இணையதளத்தில் பெயரோடு வரும். இடைவெளி இருப்பதற்குத் தண்டனை கிடையாது, வெளியிடாமல் இருந்தால்தான் நடவடிக்கை.

இந்தியாவிலும் இதன் ஒரு துண்டு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல், சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபிக்குக் கொடுக்கும் பொறுப்புடைமை அறிக்கையில், ஆண் ஊழியர்களின் நடுச் சம்பளமும் பெண் ஊழியர்களின் நடுச் சம்பளமும் தனித்தனியாக இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருந்தால் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள். பேச்சைத் தொடங்க அது நல்ல ஆதாரம்.

இரண்டு, வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வைப்பது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரியிலிருந்து இது சட்டம். வந்த புதிதில், வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்குக் 'கொலராடோவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்று சில நிறுவனங்கள் போட்டன. ஒரு மாநிலம் மட்டும் தனியாகச் சட்டம் கொண்டுவந்தால் இப்படி நழுவ இடம் இருக்கும்.

மூன்று, பழைய சம்பளத்தைக் கேட்கத் தடை. கலிபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னை ஓஎம்ஆரில் வேலை மாறிய யாருக்கும் இதன் அருமை புரியும். கடைசி மூன்று மாத பே ஸ்லிப் அனுப்புங்கள் என்று ஹெச்ஆர் கேட்பார், அதன் மேல் இத்தனை சதவீதம் என்று புதுச் சம்பளம் முடிவாகும். குழந்தை பிறந்து இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு, முதல் வேலையில் விழுந்த பள்ளம் ஒவ்வொரு கம்பெனிக்கும் கூடவே வருகிறது. வாங்கிய சம்பளத்தைக் கேட்காமல் வேலைக்கு விலை வை என்று சொல்லும் சட்டம் அந்தச் சங்கிலியை அறுக்கிறது.

மூன்றையும் ஒன்றாகக் கட்டியிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஆணை. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. ஏதாவது ஒரு பிரிவில் 5 சதவீத இடைவெளி இருந்து, அதற்கு நிறுவனம் நியாயமான காரணம் சொல்லாமல், ஆறு மாதத்தில் சரியும் செய்யாமல் விட்டால், ஊழியர் பிரதிநிதிகளோடு சேர்ந்து சம்பள மதிப்பீடு செய்தே ஆக வேண்டும்.

மறைமுகச் செலவுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டிய வழி இது. டென்மார்க்கில் இப்படி ஒரு அறிக்கைச் சட்டம் வந்த பிறகு இடைவெளி குறைந்தது. ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்த்தபோது, பெண்கள் சம்பளம் வேகமாக ஏறியதைவிட ஆண்கள் சம்பளம் மெதுவாக ஏறியதுதான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. இடைவெளி மூடியதா என்று மட்டும் கேட்டால் வெற்றி, வீட்டுக்கு வரும் பணம் கூடியதா என்று கேட்டால் பதில் வேறு. அப்புறம், குறைந்த சம்பளப் பெண் ஊழியர்களைக் கான்ட்ராக்டருக்குத் தள்ளிவிட்டால் அறிக்கையில் எண் அழகாகிவிடும். துப்புரவு, கேன்டீன் வேலைகளைக் கணக்கில் சேர்க்காத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

பொருந்தும் இடம்: ஆளுக்கு ஆள் பேரம் பேசிச் சம்பளம் முடிவாகும் அலுவலக வேலைகள். ஐடி, வங்கி, ஊடகம், தனியார் கல்லூரி.

## 3. சான்றிதழ் வழி: ஐஸ்லாந்து

25 அல்லது அதற்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனம் தன் சம்பள முறை நியாயமானது என்று தானே நிரூபித்துச் சான்று பெற வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் அங்கே இது சட்டம். சான்று இல்லாவிட்டால் நாள்வாரியாக அபராதம் போடலாம். சுமை முழுவதும் முதலாளி தலையில் என்பது இதன் பெரிய பலம்.

ஆனால் 2023 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் மறுபடியும் நாள் முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள், பிரதமர் காத்ரின் யாகோப்ஸ்தோத்திரும் சேர்ந்துகொண்டார். சான்றிதழ் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும்தான் பார்க்கிறது. பெண்கள் நிறைந்த பராமரிப்பு இல்லத்துக்கும் ஆண்கள் நிறைந்த இன்னொரு நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசம் அதன் கண்ணில் படாது. தணிக்கைக்கும் ஆலோசகருக்கும் ஆகும் செலவு சின்ன நிறுவனங்களை அழுத்தும். நம் ஊரில் சமூகத் தணிக்கை வரும் நாளில் மட்டும் தளம் பளபளப்பதை ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்த யாரும் பார்த்திருப்பார்கள். தணிக்கையைச் சங்கம் கூட இருந்து பார்க்காவிட்டால் இதுவும் அந்தக் கதிக்குத்தான் ஆளாகும்.

பொருந்தும் இடம்: ஊழியர்களில் பெரும்பாலானோர் சங்கத்தில் இருக்கும், கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கும் பொருளாதாரம். இந்தியாவில் பொதுத்துறை நிறுவனங்களில் முயன்று பார்க்கலாம்.

## 4. சம மதிப்பு வழி: வேலையையே எடை போடுவது

1968-இல் லண்டனுக்குப் பக்கத்தில் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருக்கை இல்லாமல் கார் வெளியே போகாது, ஆலை நின்றது. அந்தப் போராட்டத்திலிருந்துதான் பிரிட்டனின் 1970-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் பிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது வேறு. தையலைத் திறமை தேவைப்படாத வேலை என்று கீழ்த்தரத்தில் வைத்திருந்ததை மாற்றச் சொன்னார்கள். சம்பளம் உயர்ந்தது, தரம் மாறவில்லை. அதற்கு 1984-இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. பிரிட்டன் சட்டத்தில் 'சம மதிப்புள்ள வேலை' என்பது நடைமுறைக்கு வந்ததும் அதே 1984-இல்தான்.

இந்த வழியில், இரண்டு வேலைகளும் ஒன்றா என்று சட்டம் கேட்பதில்லை. திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, மதிப்பெண் சமமாக வந்தால் கூலியும் சமமாக வேண்டும் என்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 1987 முதல், யாரும் புகார் கொடுக்கக் காத்திராமல் முதலாளியே இந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கை 1951-லேயே சொன்னதும் சம மதிப்புதான். இந்தியா 1958-இல் அதில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. ஒப்புக்கொண்டது ஒன்று, 1976-இலும் 2019-இலும் சட்டத்தில் எழுதியது அதைவிடச் சின்னது.

எட்டும் தூரத்தில் இதற்கு இணை இல்லை. நியூசிலாந்தில் முதியோர் இல்லப் பராமரிப்பாளர் கிறிஸ்டின் பார்ட்லெட், பெண்கள் நிறைந்த வேலை என்பதால்தான் தன் கூலி குறைவு என்று வழக்குப் போட்டார். 2017-இல் அரசு சமரசத்துக்கு வந்தது. சுமார் 55,000 பேருக்கு 15 முதல் 49 சதவீதம் வரை ஊதியம் உயர்ந்தது. ஒரு பெண்ணின் வழக்கில் ஒரு துறையே எழுந்தது.

செலவும் அதே அளவுக்குப் பெரியது, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் பர்மிங்காம் மாநகராட்சியில் சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைப் பெண்களுக்குக் கிடைக்காத போனஸ் குப்பை லாரி ஆண்களுக்குக் கிடைத்தது. வழக்குகளில் மாநகராட்சி நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தது. 2023 செப்டம்பரில் புதுச் செலவுகளை நிறுத்துவதாக அறிவித்தபோது, இன்னும் 76 கோடி பவுண்டு வரை பாக்கி வரலாம் என்றது. நூலகமும் இளைஞர் மையமும் வெட்டுக்கு உள்ளாயின. பல்லாண்டு குறைத்துக் கொடுத்த கூலியின் மொத்த ரசீது அது, அந்தப் பெண்கள் மேல் பழி போடுவது அநியாயம். இருந்தாலும், பின்தேதியிட்டு வழக்காக வருவதைவிட முன்கூட்டியே மதிப்பீடு செய்து படிப்படியாக உயர்த்துவது எல்லோருக்கும் நல்லது என்ற பாடம் இதில் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து ஐந்தாவது அளவுகோலில் வருகிறது. 2025 மே மாதம் நியூசிலாந்து அரசு சட்டத்தை அவசரமாகத் திருத்தி, நடந்துகொண்டிருந்த 33 சம மதிப்புக் கோரிக்கைகளை ஒரே அடியில் நிறுத்திவிட்டது. பணம் கொடுக்க வேண்டியதே அரசு என்றால், சட்டத்தை மாற்றும் ஆசையும் அரசுக்கு வரும்.

இந்தியாவில் அங்கன்வாடி ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் கணக்கு, குழந்தை எடை, சத்துணவு, முன்பருவக் கல்வி எல்லாம் அவர் கையில். பெறுவதன் பெயர் மதிப்பூதியம். பணிக்கொடைக்கு உரிமை உண்டு என்று சொல்லவே 2022-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. அவரோடு அதே வேலை செய்யும் ஆண் கிடையாது, அதனால் புகார் வழி, வெளிச்ச வழி இரண்டுமே அவரை எட்டாது.

## 5. அடித்தளக் கூலி வழி

பாலினத்தைப் பற்றிப் பேசாமலே பெண்களுக்கு அதிகம் போய்ச் சேரும் வழி. பிரிட்டனில் 1999-இல் தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது பலன் பெற்றவர்களில் பெண்களே அதிகம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆண் கூலி, பெண் கூலி என்று வாய்விட்டுச் சொல்லும் இரண்டு விலை இருந்த இடத்தில், நூறு நாள் வேலை ஒரே கூலியோடு வந்தது. நடவுக்கும் களைக்கும் கூப்பிடுகிறவர்களிடம் பெண்கள் பேரம் பேச அது தெம்பு கொடுத்தது.

குறை, கூலி சமமானாலும் உழைப்பு சமமாகாது. இலங்கை மலையகத் தோட்டங்களில் 1984-இல் ஆண், பெண் நாள் கூலி சமமானது, பெரிய வெற்றி. ஆனால் ஆண்களின் வேலை மதியத்தோடு முடியும், கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலை வரை நிற்க வேண்டும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. நம் குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளிலும் கூலி பணிப்பெயர் வாரியாக நிர்ணயமாவதால், பழைய ஏற்றத்தாழ்வு அட்டவணைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

பொருந்தும் இடம்: விவசாயக் கூலி, வீட்டு வேலை, செங்கல் சூளை. கணக்குப் புத்தகமே இல்லாத இடத்தில் வேறு எந்த வழியும் வேலை செய்யாது.

## ஒரே பார்வையில்

| வழி | தொடும் இடைவெளி | சுமை யாருக்கு | எட்டாதவர்கள் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| புகார் | ஒரே வேலைக்குள் | தொழிலாளி | சம்பள விவரம் தெரியாதவர்கள் | காலம், பழிவாங்கல் |
| வெளிச்சம் | ஒரே நிறுவனத்துக்குள் | முதலாளி | சிறு நிறுவனம், கான்ட்ராக்ட் ஊழியர் | ஆண் சம்பள உயர்வு மெதுவாகலாம் |
| சான்றிதழ் | ஒரே நிறுவனத்துக்குள் | முதலாளி | மிகச் சிறு நிறுவனம் | தணிக்கைச் செலவு, காகித வேலை |
| சம மதிப்பு | வேலைகளுக்கு இடையிலும் | சட்டத்தைப் பொறுத்தது | முதலாளி யார் என்றே தெரியாதவர்கள் | பெரிய நிலுவை, அரசியல் எதிர்ப்பு |
| அடித்தளக் கூலி | கீழ்மட்டத்தில் | அரசு, முதலாளி | நடுத்தர, உயர் சம்பளப் பெண்கள் | வேலை நேர வித்தியாசம் மறையும் |

## சரி, எதை முதலில் கேட்பது

அலுவலக வேலையில் இருப்பவர்கள் குழுவாகக் கேட்பதென்றால் வெளிச்ச வழியில் இரண்டைக் கேளுங்கள்: விளம்பரத்தில் சம்பள வரம்பு, பழைய பே ஸ்லிப் கேட்கத் தடை. அரசுக்குச் செலவில்லை, நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை. ஒரு மாநிலம் மட்டும் செய்தால் கொலராடோ கதைதான், எனவே மத்திய அளவில் கேட்பது நல்லது. விவசாய, வீட்டு வேலைச் சங்கங்களுக்கு அடித்தளக் கூலியே முதல் கோரிக்கை.

ஒரே ஒரு வரிதான் கேட்க முடியும் என்றால் நான் சம மதிப்பைத்தான் கேட்பேன். ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-வது பிரிவில் 'ஒரே வேலை அல்லது ஒத்த வேலை' என்பதோடு 'சம மதிப்புள்ள வேலை' சேர வேண்டும், மதிப்பீட்டை முதலாளி தானே செய்ய வேண்டும், மதிப்பீட்டுக் குழுவில் பெண் தொழிலாளர்கள் உட்கார வேண்டும். தொடங்க வேண்டிய இடம் அரசுத் திட்டங்களும் ஆயத்த ஆடைத் தொழிலும். செக்கிங் பெண்ணையும் அங்கன்வாடி ஊழியரையும் ஒரே சட்டத்தில் எட்டுவது இது ஒன்றுதான்.

அதுவரை கையில் இருப்பதை விட வேண்டாம். அதே தொகுப்பின் 45-வது பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரிக்கை வைக்கலாம். தனி ஆளாகப் போக வேண்டியதில்லை, பதிவு பெற்ற சங்கம் தன் உறுப்பினருக்காக மனுப் போடலாம், பல பேருக்குச் சேர்த்து ஒரே மனுவும் போடலாம். தர வேண்டியது என்று தீர்மானித்த தொகையோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் தரச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சமப்படுத்துகிறேன் என்று சொல்லி ஆண்களின் கூலியைக் குறைக்க முதலாளிக்கு உரிமை இல்லை என்று 3-வது பிரிவே சொல்கிறது. ஆண் தோழர்கள் தயங்கினால் அந்த வரியைக் காட்டுங்கள். மனுவோடு சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, ஒப்பிடும் ஆணின் வேலை விவரம் மூன்றையும் வையுங்கள். இருவரின் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு, வேலைச் சூழல் என்ற ஐந்து தலைப்பில் எழுதிக் கொடுங்கள். அதிகாரி சட்டப்படி பார்க்க வேண்டியது அந்த ஐந்தையும்தான்.